சூட்டில் முப்பத்துநான்கு

வடக்குப்பட்டு,
வியாழக்கிழமை.

அன்புள்ள இசக்கிபாண்டிக்கு,

பாண்டுரங்கன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். தோளில் வைத்த பிளேட் இன்னும் வலிக்கிறதா, கையைத் தலைக்கு மேலே தூக்க முடிகிறதா என்று அம்மா தினமும் உன்னை விசாரிக்கிறாள். எனக்கே தெரியாததால், தூக்குகிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுகிறேன். நான்கு மாதமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். நம் ரேஸ் காரின் ட்ராக் சக்கரம் நான்கையும் டயரோடு லோகேஷுக்குக் கொடுத்துவிடச் சொல்லியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை பென்னலூரிலிருந்து குட்டியானை வேன் கொண்டுவந்து ஏற்றிப் போகிறானாம். அவனுக்குத் தன் காரில் மாட்டி ரோட்டில் ஓட்டத்தான் வேண்டும். "பாக்க ஷோக்கா கீதுபா, அதான்" என்கிறான். அது ட்ராக்குக்கென்றே செய்த மெத்தென்ற ரப்பர், ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு மாதம் தாங்காது, சூடேறாமல் பிடிக்காது, மழையில் வழுக்கும் என்று எடுத்துச் சொன்னேன். காதில் வாங்கவே இல்லை.

அந்தச் சக்கரத்துக்காக எத்தனை நாள் சண்டை போட்டோம். பதினாறு அங்குலம்தான் வேண்டும், அதுதான் வண்டிக்கு எடுப்பு என்று நீ நின்றாய். பதினாலே போதும் என்று நான் நின்றேன். பதினாலுக்கு நாம் கேட்ட டயர் எந்தக் கடையிலும் இல்லை. கடைசியில் பதினாறையும் பதினைந்தையும் சுங்குவார்சத்திரத்தில் ராஜம்மாவின் வெங்காயக் கடைத் தராசில் ஏற்றினோம். பதினாறு ஒன்பது கிலோவைத் தாண்டியது, பதினைந்து ஆறரையில் நின்றது, பதினைந்தையே எடுத்தோம். "இன்னாத்துக்குபா சக்கரத்த எட போடுறீங்க, கூறு கட்டி விக்கப் போறீங்களா" என்று ராஜம்மா கேட்டதற்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சுற்றுகிற பாரம் குறைந்தால் வண்டி சீக்கிரம் எழும்பும், சீக்கிரம் நிற்கும் என்று வரும் வழியெல்லாம் எனக்கே பாடம் எடுத்தாய். இவ்வளவு நேரம் எடைபோட்டு எடுத்ததை லோகேஷ் இரண்டு நிமிடத்தில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவான்.

போன வாரம் உன் தங்கை பூமாரி போன் செய்தாள். தான் பேசியதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லித்தான் பேசினாள். நீ அவளுடைய ஸ்கூட்டியைக்கூடத் தொடுவதில்லையாமே. கடைக்கு நடந்தே போகிறாயாம், பஸ்ஸில் ஏறினால் ரோடு தெரியாத சீட்டாகப் பார்த்து உட்காருகிறாயாம். "அண்ணன் தனக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்லிக்கிட்டே இருக்கு, நீங்களாவது கேளுங்கண்ணே" என்றாள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

விபத்து நடந்த அன்றைக்குக் காலையில் ட்ராக்கில் நடந்ததை நினைத்துப் பார். முதல் ஓட்டம் முடிந்து நீ உள்ளே வந்தபோது டயர் நான்கும் கொதித்துக்கொண்டிருந்தது. காற்றழுத்தம் பார்க்கும் உன் கேஜ் முப்பத்தெட்டு காட்டியது. நீயே உட்கார்ந்து நான்கிலும் இறக்கி முப்பத்துநான்குக்குக் கொண்டுவந்தாய். அடுத்த ஓட்டத்தில் வண்டி தரையோடு ஒட்டிக்கொண்டு போனது. இறங்கி வந்து முதல் வேலையாக டேப் ஒட்டி, டாஷ்போர்டில் பேனாவால் எழுதினாய்: "சூட்டில் 34. யாரும் தொடாதே."

மத்தியானம் நீ மரத்தடியில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தாய். நான் சும்மா இருக்க முடியாமல் கேஜை எடுத்துப் பின் சக்கரத்தில் வைத்தேன். ஆறிப்போன டயர், இருபத்தேழு காட்டியது. அது சரியான கணக்கு, ஓடினால் தானாக முப்பத்துநான்குக்கு ஏறும். அது எனக்குத் தெரியும். ஆனால் எட்டு வருஷமாக நான் கார் கம்பெனியில் சக்கரம் மாட்டும் லைனில் நிற்கிறவன். நம் லைனில் முப்பத்துமூன்றுக்குக் கீழே காட்டினால் சிவப்பு விளக்கு எரியும், லைன் நிற்கும், சூப்பர்வைசர் ஓடி வருவார். இருபத்தேழைப் பார்த்ததும் என் கை தானாகவே காற்றுக் குழாயை எடுத்துவிட்டது இசக்கி. பின் சக்கரம் இரண்டிலும் முப்பத்துமூன்று அடித்துவிட்டேன். முன்பக்கம் போவதற்குள் நம் நம்பரைக் கூப்பிட்டார்கள். நீ ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்து ஏறினாய்.

முன்னால் இருபத்தேழு, பின்னால் முப்பத்துமூன்று. சூடேறியதும் பின் டயர் நாற்பதைத் தொட்டிருக்கும். அளவுக்கு மீறி உப்பிய டயர் தரையை எங்கே பிடிக்கும். இரண்டாவது வளைவில் பின்பக்கம் உன்னை முந்திக்கொண்டு வந்து சுவரில் மோதியது அதனால்தான். நீ நன்றாகத்தான் ஓட்டினாய். எந்தக் கொம்பன் ஓட்டியிருந்தாலும் அந்த வண்டி அந்த இடத்தில் சுற்றித்தான் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "நாந்தாம்ல பாதி வளைவுல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டேன், பயந்துட்டேன்" என்றாய். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. காற்று அடித்ததைக்கூட நான் கைப்பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம், தலையை ஆட்டியதற்கு அப்படி ஒரு சாக்கும் இல்லை. இப்போது லைனில் ஒவ்வொரு சக்கரமும் முப்பத்துமூன்று காட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கிறது. மூன்று வாரமாக ஓவர்டைம் வேறு. உடம்பு அலுப்பு தூங்கினால் போய்விடும், இது போகவில்லை.

இந்தப் பார்சலில் உன் கேஜ் இருக்கிறது. எங்கே தொலைந்தது என்று நீ இரண்டு தடவை கேட்டாய். அன்றிலிருந்து என் ஷிப்ட் பையில்தான் இருந்தது. என்னோடு பேசாமல் இருக்கத் தோன்றினால் இரு, திட்டத் தோன்றினால் போனைப் போட்டுத் திட்டு. ஆனால் அதற்கு முன்னால் பூமாரியின் ஸ்கூட்டியை எடுத்து, காற்றைப் பார்த்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒருமுறை போய் வா. உன் காலில் ஒரு குறையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை லோகேஷ் வந்தால் நான் ஊரில் இல்லை என்று சொல்லும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது, உள்ளேதான் இருக்கிறான் என்று அவனுக்குக் காப்பி வேறு கொடுப்பாள். ஆனாலும் சக்கரத்தைக் கொடுக்க மாட்டேன்.

வண்டி எங்கள் வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. தகரத்தைத் தட்டி நிமிர்த்திவிட்டேன். நீ ஒட்டிய டேப் அப்படியே இருக்கிறது. நான்கு டயரிலும் காற்று இறங்கிப்போய் வண்டி தரையில் உட்கார்ந்திருக்கிறது. அதில் நான் இனிமேல் கை வைக்க மாட்டேன். கேஜை எடுத்துக்கொண்டு நீ வந்து காற்று அடி.

தோள் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று அம்மா முருகனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். நான் உன்னிடம் வேண்டிக்கொள்கிறேன்.

உன்,
பாண்டுரங்கன்.