கறுத்துப்போன பேரிக்காய்கள்

ஹேரானின் அப்பாவுக்கு,

உங்கள் இருமல் நின்றதா? ஹேரான் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் நலம்தான், கணுக்காலில் மட்டும் கொஞ்சம் வீக்கம்.

இங்கே சுவோன் நகரில் நான் பார்த்துக்கொள்ளும் ஒக்சூன் அம்மா வீட்டுப் பேரிக்காயெல்லாம் கறுத்துவிட்டன. "நோய் புடிச்ச மரம், வெட்டிடலாம்" என்று மகள் மிஜின் ஆளை வரச் சொன்னாள். அம்மா படுக்கையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார், கஞ்சியைத் தொடவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு காயை ஈரத்துணியால் துடைத்தேன். கறுப்பு கரி மாதிரி துணியோடு வந்துவிட்டது, நறுக்கினால் உள்ளே வெள்ளைவெளேர். அசுவினிப் பூச்சி விட்ட பிசினில் படிந்த பூஞ்சைதான், நம் மரத்திலும் வந்ததே! உடனே ஏணி போட்டு ஏறித் துடைக்கத் தொடங்கினேன். ஏணி சறுக்கிவிட்டது. சன்னலோரக் கட்டிலிலிருந்து அம்மா அலறினார்: "மரம் போனா போகுது, உன் காலுக்கு என்னடி ஆச்சு?"

மிஜின் ஒரு துண்டு தின்றுபார்த்தாள். வெட்ட வந்தவர் ஒரு பை நிறையப் பழத்தோடு திரும்பிப் போனார்.

நீங்கள் காய் பறிக்கும்போது யாரையாவது ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பதிலைப் பொடி எழுத்தில் எழுதுங்கள், தாளில் நிறையக் கொள்ளும். அம்மா கூப்பிடுகிறார், போக வேண்டும். மரமேறியதற்கு என்னை நன்றாகத் திட்டி எழுதுங்கள். நம் ஊர்ப் பேச்சில் திட்ட இங்கே ஆளில்லை.

உங்கள்
சுன்ஹுயி