அம்மாவின் இரண்டு அழுகைகள்

என் அழகான அழுமூஞ்சி அம்மாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இங்கே எல்லோரும் சௌக்கியம். தம்பிக்கு தி.நகர் துணிக்கடையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. உன் பேத்திக்குப் பாட்டி என்றால் யூடியூபில் வரும் ஒரு பொம்பளைதான். பழைய படம் ஒன்றில் யாரோ செத்துக் கிடக்க, கும்பலில் நீ மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறாய். சாவு சீன் என்றால் சினிமா கம்பெனி வண்டி உன்னைத் தேடித்தானே கோட்டூர்புரம் வரும்?

போன வாரம் தம்பி, அப்பா சாவுக்கு எடுத்த வீடியோவைப் போனில் ஏற்றிக்கொண்டு வந்தான். பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. சினிமாவில் அடித்த அதே அடி, அதே தலையாட்டல். நடுவில் அழுகையை நிறுத்தி, வெளிச்சம் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறாய். வீடியோக்காரன் சோகப் பாட்டைப் போட்டு மூடியிருந்ததால் உன் குரல்கூடக் கேட்கவில்லை.

எனக்கு அப்போது விவரம் தெரியாத வயசு. அப்பா உன்னைப் படுத்திய பாடு மட்டும் பிறகு கேள்விப்பட்டேன். அந்த ஆளுக்காக நீ நிஜமாக அழுதாயா அம்மா? இல்லை, அதுவும் ஒரு சீன்தானா?

மனசு கேட்காமல், உன்னோடு ஷூட்டிங் போன கமலா சித்தியிடம் போய்க் கேட்டேன்.

"வீடியோக்காரன், 'இருட்டா கீது, இப்டி திரும்பி அழும்மா'ன்னான். திரும்பினா. பழக்கதோஷம். அதுல இன்னாத்த கண்டுட்ட நீ?"

"அப்போ அழுதது பொய்யா சித்தி?"

"அவன் லைட்ட கழட்டிக்கினு போனப்புறம், உங்கப்பன் சட்டைய வாய்ல அடைச்சிக்கினு உள்ள குந்தினு இருந்தா. ஒரு சத்தம் இல்ல. நாந்தான் பக்கத்துல இருந்தேன்."

சொல்லும்போது சித்தியின் கண்ணில் சரியான நேரத்தில் தண்ணீர் வந்தது. அவளும் உன் தொழில்காரிதானே, எப்படி நம்புவது?

வீட்டுக்கு வந்து உன் டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். அடியில் அப்பாவின் நீலச் சட்டை இருந்தது. காலரில் சின்னச் சின்ன ஓட்டைகள். உன் பல்லாக இருக்கலாம். எலியாகவும் இருக்கலாம்.

உன் வருஷ திதிக்குத் தம்பி வீடியோ எடுக்க ஆள் சொல்லியிருந்தான். நான் சண்டை போட்டு நிறுத்திவிட்டேன். அன்றைக்கு அந்தச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்திருப்பேன். அழுகை வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். யார் சொன்னாலும் முகத்தைத் திருப்ப மாட்டேன் அம்மா.

உன் சந்தேகப் பிராணி மகள்,
செல்வி