எப்படியோ கிடைத்த படம்

என் சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறையவில்லை. மாடிப்படி ஏறுவதையும் விடுவதாயில்லை. விளையாட்டுச் செய்தி வந்தால் இன்னும் தொலைக்காட்சியை அணைத்துவிடுகிறாள். நீ அங்கே குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பதாக மாமா சொன்னார். கேட்டதும் மனசு கொஞ்சம் ஆறியது.

நான் வேலை பார்த்துக்கொண்டே இதழியல் படிக்கிறேன். கடைசி ஆண்டுக் கட்டுரைக்கு உன் விஷயத்தையே எடுத்தேன். கோபப்படாதே. ஊக்கமருந்து சாப்பிட்டாய் என்று ஒன்பது நாள் முதல் பக்கத்தில் போட்டவர்கள், அது இருமல் மருந்தில் இருந்தது, உன்மேல் தவறில்லை என்று தீர்ப்பு வந்ததும் பதினோராம் பக்கத்தில் நான்கு வரி போட்டார்கள். அதை யாராவது எழுதிவைக்க வேண்டாமா?

நான்காவது தடவையாகத் திருத்துகிறேன். கோபம் அதிகம் என்றார் பேராசிரியை, குறைத்தேன். ஆதாரம் போதாது என்றார். நூலகத்தில் பழைய தாள்களைப் புரட்டித் தலைப்புகளைக் கையால் எழுதியெடுத்தேன். கண் எரிந்ததுதான் மிச்சம். போன வாரம் ஒரே ஒரு சொல்லைச் சுழித்துத் திருப்பிக் கொடுத்தார். 'வீட்டுக் குளியலறை வாசலில் அவர் அழுதுகொண்டிருந்த படம் எப்படியோ பத்திரிகைக்குக் கிடைத்தது' என்று எழுதியிருந்தேன்.

"எப்படியோன்னா எப்படிம்மா? வீட்டுக்குள்ள எடுத்த படமாச்சே," என்றார்.

தாளை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

நீயும் அன்றைக்கு இதையேதான் கேட்டாய். எனக்குத் தெரியாது என்றேன். நீ உன் பயிற்சியாளரைச் சந்தேகப்பட்டு, அவரோடு பேச்சையே நிறுத்தினாய். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். ஆறு வருடம்.

படத்தை எடுத்துக் கொடுத்தது நான்தான். அந்தப் பத்திரிகையில் பிழைதிருத்தும் வேலையில் சேர்ந்து அப்போது மூன்று மாதம். நீ அழுவதைப் பார்த்தால் ஊர் இரங்கும் என்றார் செய்தியாசிரியர். என்னை நிருபராக்குவதாகவும் சொன்னார். இரண்டில் எதற்காகக் கொடுத்தேன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. 'குட்டு உடைந்ததும் கண்ணீர்' என்ற தலைப்போடு அந்தப் பக்கம் என் மேசைக்குத்தான் வந்தது. பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

இப்போது அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'நான் கொடுத்தேன்' என்று எழுதியிருக்கிறேன். பயிற்சியாளரை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவர் உன் முகவரியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். திருத்திய கட்டுரையைப் பேராசிரியையிடம் இன்னும் தரவில்லை; ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்கு முன்னால் வேறு யாரும் அதைப் படிப்பது நியாயமில்லை. வேண்டாம் என்று நீ சொன்னால் கிழித்துப்போடுகிறேன்.

அங்கே குளிர் அதிகமாமே. தண்ணீரை விட்டு ஏறியதும் தலையை நன்றாகத் துவட்டிக்கொள். திட்டியாவது நாலு வரி எழுது. எழுதாவிட்டாலும், நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா