தை மாதத்து முகம்

நேற்று நம் மகள், இங்கே சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ் வீட்டுக்குள் முழங்கையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு நுழைந்தாள். தூக்கம் வரவில்லை என்று போனவளிடம் டாக்டர் ரத்தம் எடுத்திருக்கிறார். கவலை கூடினால் ரத்தத்தில் ஏறும் சுரப்பு ஒன்று உண்டாம். நர்ஸ் வேலை பார்க்கிறவள் அல்லவா, விளக்கிச் சொன்னாள். எங்கோ ஆராய்ச்சி செய்து பார்த்தார்களாம், விதைத்துவிட்டு அறுப்புக்குக் காத்திருக்கிற தாய்மார்களுக்கு அது ஏறுமாம். நெல் வீடு வந்துவிட்டால் இறங்குமாம். உங்கம்மாவுக்கு அது ஏறியே இருக்காது என்று அவளிடம் சொல்லிச் சிரித்தேன்.

"நீங்க அம்மாவத் தையில மட்டும்தானப்பா பாத்தீங்க," என்றாள்.

கப்பல் பட்டறையில் இருந்த காலமெல்லாம் பொங்கலுக்குத்தான் லீவு கேட்பேன். ஊருக்கு வந்தால் நம் வீட்டுக் கூடத்தில் நெல் மூட்டை அடுக்கியிருக்கும். நீ எண்ணெய் மினுங்கும் தலையோடு நின்று, சிங்கப்பூர்த் தண்ணி ஆளை வெளுக்கவில்லையே என்று கேலி பேசுவாய். எனக்கோ எழுத்துத் தெரியாது. தேக்காவில் எட்டுப் பேர் தங்கிய அறையில் உன் கடிதத்தை ஒருவன் எல்லோர் காதிலும் விழப் படிப்பான். மற்றவர் வீட்டுக் கடிதத்தில் அழுகை இருக்கும். உன்னுடையதில் மழை நல்ல மழை, பிள்ளை சுகம். "அண்ணே, உங்க வீட்டம்மாவுக்குக் கவலையே கிடையாது லா," என்பான் சிங்கப்பூர்ப் பேச்சில். எனக்குப் பெருமை தாங்காது.

ஒரே முறை, பட்டறையில் வேலை குறைந்து, ஐப்பசியில் சொல்லாமல் வந்து நின்றேன். பயிர் தண்ணீருக்குள் கிடந்தது. நீ சீவாத தலையோடு மண்வெட்டியால் வரப்பை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தாய். மகள் முந்தானையைப் பிடித்து இழுத்ததுகூட உனக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் சொன்னாய்:

"ஏங்க இப்ப வந்தீங்க? தையில வந்திருக்கலாம்ல."

ஆசையாய் வந்தவனிடம் இப்படியா என்று மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. அப்புறம் ஐப்பசிப் பக்கமே வரவில்லை. அந்த வருஷமும் நெல் வீடு வந்ததென்று கடிதம் போட்டாய். எப்படி வந்தது என்று நான் கேட்கவே இல்லை.

அறுப்பு முடிகிறவரை அம்மா தலைக்கு எண்ணெயே வைக்காது, நான் வருவதற்கு ஒரு வாரம் முன்புதான் சிரிக்கத் தொடங்கும் என்று மகள் நேற்றுச் சொன்னாள்.

இங்கேயும் இப்போது ஐப்பசி மழைதான். ஊருக்கு உனக்கு அனுப்பும் இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். இன்றைக்கும் நம் நடுவே இன்னொருவர் காது இருக்கிறது, இருக்கட்டும். அத்தனை ஐப்பசியையும் தனியாளாய்த் தாண்டி வந்து, எனக்குத் தை மாதத்து முகத்தை மட்டும் காட்டினாயே, உன்னைப் போல நெஞ்சுரம் உள்ள ஆளை இந்த வயசுவரை நான் பார்த்ததில்லை.

இன்று காலையில் வழக்கம்போல் நல்லா இருக்கியா என்று மகளிடம் கேட்க வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டு, "என்னம்மா பயம் உனக்கு?" என்றேன். வேலைக்குக் கிளம்பி நின்றவள், பையை இறக்கிவைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.