கோழிக்காலில் ரோஸ் சாயம்

செப்டம்பர் 1, திங்கள்

நேற்றுச் சாயங்காலம் திடீர் மழை. மேலே தகரம் இருந்தும் சாரல் கம்பிவலை வழியாக அடித்து, கோழி அடைப்பு முழுக்கச் சகதி. பதினோரு கோழி, ஒரு சேவல். தரையில் போட்டிருந்த மரத்தூள் கட்டி கட்டியாக. உள்ளே குனிந்ததும் கண் எரிச்சல், மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லித் தந்த சோதனை: ஒரு கை அள்ளி அழுத்தினால் உதிர வேண்டும். இன்று உதிரவில்லை. கொழுக்கட்டை.

மாற்றியாக வேண்டும். என்ன போடலாம்:

உமி. இதுதான் நல்லது. ரைஸ் மில் போய் மூட்டை தூக்கி வர வேண்டும். இவரிடம் சொன்னால் தீபாவளி சீசன் முடியட்டும் என்பார்.
கடலைத் தோல். மழைக்குப் பூசணம் பிடிக்கும்.
மணல். எச்சத்தை உறிஞ்சாது.
காகிதம். பட்டாசுக் கம்பெனியில் வெட்டிப் போடும் கழிவு. அலைய வேண்டாம்.

காகிதம் என்று முடிவு. காரணம் சோம்பல், வேறில்லை.

இவர் போர்மேனாக இருக்கும் கம்பெனியில்தான் பின்வீட்டு முத்துமாரி (இனி மு.) வெடிக்குக் காகிதக் குழாய் ஒட்டுகிறாள். சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டேன். தயங்கினாள்.

"கேட்டுல பையச் சோதிப்பாக மதினி. அண்ணன்கிட்டயே சொல்லுங்களேன்."

"அவுக சட்டம் பேசுவாக. குப்பைதான, யாரு கேக்கப் போறா?"

சரி என்றாள். எனக்கு இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. அது தெரிந்துதான் கேட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

வெயில். மு. இரண்டு நாளாகச் சாப்பாட்டுப் பையில் கொண்டுவந்த காகிதத்தை விரித்தேன். நாலு விரல் கனம். ரோஸ், பச்சை, வெள்ளித்தாள். கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. கோழிகள் ஒரு மணி நேரம் உள்ளே போகவே இல்லை.

இன்னும் ஒரு பை இருந்தால் மூலைக்கும் போதும். மு.விடம் சொல்லியாயிற்று.

முட்டை: 6.

செப்டம்பர் 5, வெள்ளி

காகிதம் சரிப்படாது போல. தண்ணீர்ச் சட்டி பக்கம் நனைந்து அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டது. அடியில் எச்சம், மேலே தாள். காலை மாலை கிளறிவிட்டும் நாற்றம். ஈரப் பகுதியை மட்டும் அள்ளி வெளியே கொட்டினேன்.

சாயம் வேறு இறங்குகிறது. வெள்ளைக் கோழிக்கு இரண்டு காலும் ரோஸ். மருதாணி வைத்த மாதிரி. தனியாக நின்று சிரித்தேன். இவர் சீசனில் கொல்லைப் பக்கமே வருவதில்லை, அதனால் பயமில்லை.

செப்டம்பர் 6, சனி

கம்பெனி அரை நாள். இவர் சாப்பிட உட்கார்ந்ததுமே சொன்னார்.

"பின்வீட்டு மாரிய வேலைய விட்டு நிப்பாட்டியாச்சு. பை நெறையக் கலர்த் தாளு. ஒரு மணி நேரம் கேட்டுல நிக்க வச்சாக, எல்லாரும் பாக்க."

"யாருக்குன்னு கேட்டீகளா?"

"வாயே தொறக்கல. வெடிமருந்து ஒட்டுன தாளு ஒண்ணு வெளிய போனா என்ன ஆகும்னு அவளுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். இருபது வருடமாக இந்த வீட்டில் கேட்கிற பேச்சு. எத்தனை துக்க வீட்டுக்குப் போய் வந்திருக்கிறேன்.

வாயில் சோறு. "நான்தான் கேட்டேன்" என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

அவள் என் பெயரைச் சொல்லவில்லை என்றதும் முதலில் வந்தது நிம்மதி. இதை எழுதவே கை கூசுகிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

இவர் பல் விளக்கிக்கொண்டே கொல்லைக்கு வந்துவிட்டார். வெள்ளைக் கோழியின் காலைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். நான் விளக்குமாற்றோடு நிற்கிறேன்.

"காயிதம் நாறும். உமி போடு" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

திட்டியிருந்தால் தேவலை. என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன்.

காகிதம் முழுவதையும் வாரித் தண்ணீரில் முக்கிக் குழியில் புதைத்தேன். தரையில் சுண்ணாம்புத் தூள் தூவி, காய விட்டேன். மு. வீட்டுக் கதவு நாள் முழுக்கச் சாத்தியே இருந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

இவரிடம் சொல்லாமல் பஸ் ஏறிக் கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் ரூம். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. கோழிக்குப் போட நான்தான் கேட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அவளும் அதத்தாம்மா சொன்னா. போர்மேன் வீட்டுக்குன்னு. ஒங்க வீட்டுக்காரரு பக்கத்துலதான் நின்னாரு. 'எங்க வீட்டுல அப்படிக் கேக்க மாட்டாக'ன்னு சொன்னாரு. நாங்க என்ன செய்ய? நாளைக்கே அவள வரச் சொல்லுங்க."

டீ வந்தது. குடித்தேன். எதற்குக் குடித்தேன் என்று தெரியவில்லை.

சாயங்காலம் இவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன். வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சோதன கண்டிப்பா இருக்கணும்னு கத்துனவனே நாந்தான். அம்புட்டுப் பேரும் என் மூஞ்சியப் பாக்காக. வாயில வந்துருச்சு."

திட்ட நினைத்தேன். எந்த வாயால் திட்ட? ரசம் ஊற்றட்டுமா என்று கேட்ட வாய்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் இரண்டு பேரும் மு. வீட்டுக்கு. மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். எழுந்து, இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்கண்ணே. மதினி, உக்காருங்க. காப்பித்தண்ணி குடிக்கீகளா?"

இவர் உட்காரவில்லை. "தப்பு எம்மேலதான் தாயி. பொய் சொல்லிட்டேன்."

அவள் சடையைப் பின்னி முடித்து, ரிப்பன் கட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இங்கன வச்சுச் சொன்னா யாருக்குண்ணே தெரியும்? கேட்டுல வச்சுல்ல என்னக் களவாணின்னாக."

கோபமே இல்லாத குரல். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். சீப்பை எடுக்கிற மாதிரி கையை நகர்த்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கோழிகளைத் திறந்துவிட்டேன். பிறகு இவர், "நாளைக்குச் சொல்றேன், கேட்டுல வச்சே" என்றார்.

செப்டம்பர் 10, புதன்

மேகம், மழை இல்லை. நேற்றே நான் மில்லுக்குப் போய் ஆட்டோவில் ஏற்றி வந்த உமி, இரண்டு மூட்டை. அரை ஜாண் கனத்துக்கு விரித்தேன். அள்ளி அழுத்தினேன், உதிர்ந்தது. முட்டை நாலுதான்.

இவர் மத்தியானமே வந்துவிட்டார். சட்டையைக் கழற்றாமல் நின்றார்.

"சொன்னீகளா?"

"சொன்னேன். வேலைக்கு வந்த ஆளுக எல்லாத்தையும் நிக்கச் சொல்லி, சத்தமாத்தான் சொன்னேன். என் வீட்டுக்குத்தான் கொண்டாந்தா, நாந்தான் பொய் சொன்னேன்னு."

"மாரி என்ன சொன்னா?"

"அவ எங்க வந்தா? தாயில்பட்டிப் பக்கம் வேற கம்பெனில சேந்துட்டாளாம். விடியக்காலமே அந்த வேன்ல ஏறிப் போயிட்டா."

சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றினார்.

"எல்லாரும் கேட்டாக. அவ மட்டும் கேக்கல."