அம்மாவின் பாதத்தில் சிவப்புக் குருணை

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

போன மாதம் போனில் அம்மாவின் கால் புண் ஆறிவிட்டது என்றேன், நீயும் நம்பி லீவை ரத்து செய்தாய். மேல்தோல் மூடியிருந்தது வாஸ்தவம், உள்ளே சீழ். பாதத்தைத் திரும்பக் கீற வேண்டியதாயிற்று, அதை உன்னிடம் மறைத்தேன். தப்பும் என்னுடையதுதான். கட்டியை அறுத்த குழிக்குள் துணியை அடிவரை திணித்தால்தான் புண் அடியிலிருந்து ஆறும், முப்பது வருஷமாக ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற எனக்கு இது தெரியாதா? மற்றவர்கள் கத்தினால் காதில் வாங்கமாட்டேன். முதல் தடவை கீறியபோது உன் அம்மா கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு என் சட்டையைப் பிடித்தாள், என் கை ஓடவில்லை. மேலோட்டமாக வைத்துக் கட்டிவிட்டேன். சர்க்கரை உடம்பு வேறு. இந்த முறையும் ஆறாவிட்டால் கட்டைவிரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது கட்டுவது நர்ஸம்மா, நான் வெளியே பெஞ்சில். நேற்று டாக்டர் கேஸ் ஷீட்டில் கிரானுலேஷன் என்று எழுதினார். உன் மாத்திரைக் கம்பெனியில் பொடியைக் குருணையாக்குவதற்கும் அதே பெயர் என்பாயே, அதேதான். லத்தீனில் சின்ன தானிய மணி என்று அர்த்தமாம், சூரியனின் மேற்பரப்பு பொரிப்பொரியாகத் தெரிவதற்கும் அதைத்தான் சொல்வார்களாம். உள்ளே போய்ப் பார்த்தேன். குழியின் அடியில் சிவப்பாகக் குருணை குருணையாகப் புதுச் சதை. தொட்டால் லேசாக ரத்தம் கசிகிறது, பயப்படாதே, அது நல்ல சதை. எத்தனையோ பேருக்குப் பார்த்ததுதான், நேற்று நின்றபடியே அழுதுவிட்டேன். நர்ஸம்மா திகைத்துப் போக, அவரு வெங்காயம் உரிச்சாலே அழுவாரு, விடுங்க என்று உன் அம்மா என் மானத்தை வாங்கினாள்.

விரல் தப்பித்துவிடும் என்கிறார் டாக்டர், ஆற இன்னும் ஆறு வாரமாவது ஆகும். மறைத்ததற்கு என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உனக்கு எழுதப் போகிறேன் என்றதும் அம்மா, எதுக்கு, வேலையை விட்டுட்டு ஓடி வருவா, வர வேண்டாம்னு எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன். அரை மணி கழித்து, உன் அறையில் மெத்தை விரிப்பை மாற்றச் சொன்னாள்.

ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு மகளே. டிக்கெட் எடுத்ததும் போன் பண்ணு, எனக்கில்லை, அவளுக்கு.

உன்,
அப்பா