நாடு முழுக்க விளைந்த கடலை

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பிள்ளைகளும் நலம். பெரியவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. சின்னவன் உங்கள் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தரையில் இழுபடும் அதன் நுனியால் வீடெல்லாம் கூட்டுகிறான். உங்கள் தம்பியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கை மற்றதையெல்லாம் முதலில் எழுதுகிறது.

போன கடிதத்தோடு ஒரு பத்திரிகைத் துண்டு அனுப்பியிருந்தீர்கள். நம் நாட்டு நிலக்கடலை ஏற்றுமதி இரண்டு மடங்காகிவிட்டதாம். “நாடே விளைஞ்சு கிடக்குது, உன் காட்டுல மட்டும் ஏன்டா விளையல? யார் காதுல பூ சுத்துற?” என்று தம்பியைக் கேட்டிருந்தீர்கள். அதை அவர்தான் எனக்கு வாசித்துக் காட்டினார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

விதைத்தது முளையிலேயே கருகியதைக் கண்ணால் பார்த்தவள் நான். அக்கம்பக்கத்துக் காடுகளும் அப்படித்தான். “அப்போ கப்பல்ல போனது யாரு கடலை? பாத்துட்டு வந்துடறேன் அண்ணி” என்று துறைமுகத்துக்குப் போனார். அங்கேயே மூட்டை தூக்கும் வேலையில் சேர்ந்துகொண்டார்.

லீவில் வந்தபோது சொன்னார்: கடலை வேறு நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிறதாம். கிடங்கில் சாக்கை மாற்றி, நம் நாட்டுப் பெயரை அச்சடித்து, அடுத்த கப்பலில் ஏற்றிவிடுகிறார்களாம். வெளியே போனதை எண்ணுகிறார்கள். உள்ளே வந்ததைக் கழிப்பதில்லை. பத்திரிகையில் வந்தது அந்தக் கணக்குதான். இங்கே கடைகளில் கடலையைக் கண்ணால் பார்க்க முடியவில்லை.

சொல்லும்போது தம்பி சிரித்தார், வெகுநாளைக்குப் பிறகு. “நான் புளுகலன்னு அண்ணனுக்கு எழுதிடுங்க அண்ணி” என்றார். காடு காய்ந்து கிடப்பதால் திரும்பவும் மூட்டை தூக்கவே போனார்.

அந்த வாரமே கிடங்கில் மூட்டை அடுக்கு சரிந்து அவர்மேல் விழுந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. டாக்டர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். அவர் சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் அப்போதே உங்களுக்கு எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டு, கண் விழிக்கும்போதெல்லாம் உங்களிடமிருந்து பதில் வந்ததா என்றுதான் தம்பி கேட்கிறார். நேற்று மனது கேட்காமல், வந்தது என்று சொல்லிவிட்டேன். “என்ன எழுதியிருக்காரு?” என்றார். “தம்பி, உன்மேல எனக்கு எந்தச் சந்தேகமும் இல்ல. அவசரப்பட்டு வாய விட்டுட்டேன், மனசுல வச்சுக்காதே” என்று நீங்கள் எழுதியிருப்பதாகச் சொன்னேன். காட்டச் சொன்னார். வீட்டில் இருக்கிறது, கொண்டு வருகிறேன் என்றேன்.

அதை நீங்கள் எழுதி அனுப்புங்கள். அவருக்கு உங்கள் கையெழுத்து தெரியும், என்னால் எழுதிக் காட்ட முடியாது. இந்தக் கடிதம் கிடைத்ததும், மற்ற வேலையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்
உங்கள் மனைவி